110 கிலோ, எந்தச் சாலையில்?

பெங்களூரின் பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையை விட்டுப் பேகூர் பக்கம் திரும்பினால் வரும் ஒரு சிறிய சைக்கிள் கடை. மழைக்காலத்துக் காலை. என் நண்பர் கழற்றிய பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கார்பன் ரிம்மின் விளிம்பில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு விரிசல். உள்ளே கறுப்பு நார்கள் தெரிந்தன. கூட்லு கேட் அருகே, மெட்ரோ தூண்களை ஒட்டிய சாலையில், தண்ணீர் நின்ற ஒரு பள்ளம் செய்த வேலை அது.

ரிம்மில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். அதிகபட்ச எடை 110 கிலோ. "நான் 96தானே, இன்னும் 14 கிலோ பாக்கி இருக்கே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே நமக்கு இந்தக் கார்பன் எல்லாம் வேண்டாம்" என்றார். எனக்கு அது வலித்தது. முப்பது வயதுக்குப் பிறகு சைக்கிளுக்குத் திரும்பி, தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி வரை மிதித்து, ஒரு வருடத்தில் 12 கிலோ இறக்கியவர் அவர். ஒரு பள்ளத்தின் குற்றத்தைத் தன் உடம்பின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்டிக்கர் என்னதான் சொல்கிறது என்பதைப் பார்ப்பதற்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் அவருடைய கழித்தல் கணக்கு. சில தயாரிப்பாளர்கள் ஓட்டுபவரின் எடையை மட்டும் சொல்கிறார்கள். வேறு பலர் சொல்வது மொத்த எடை. ஆள், சைக்கிள், தண்ணீர், பை, காலணி எல்லாம் சேர்த்து. நண்பரின் சக்கரத்தோடு வந்த கையேட்டை விரித்தோம். மொத்த எடை என்றுதான் போட்டிருந்தது. ஆள் 96, சைக்கிள் எட்டரை, இரண்டு பாட்டில் தண்ணீர் ஒன்றரை, ஹெல்மெட், காலணி, உடை இரண்டு, முதுகில் லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் மூன்று. கூட்டினால் 111. பாக்கி இருந்ததாக அவர் நம்பிய 14 கிலோ என்றுமே இருந்ததில்லை. கார்பன் சக்கரம் வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டிய சொல் இந்த "மொத்த". கையேட்டில் அது மிகச் சின்ன எழுத்தில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் ஒரு கிலோ கூடியதற்காகச் சக்கரம் உடைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சக்கரத்துக்குள் ஏற்கெனவே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒரு கிலோ எவ்வளவு அற்பம் என்பது விளங்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றி வட்டை, அதற்கும் வெளியே இரும்புப் பட்டா. பட்டாவை வறட்டி அடுக்கிய நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வட்டைமேல் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரம் முழுவதும் உள்நோக்கி இறுகும். பாரம் ஏறியதும் தரையைப் பார்த்து நிற்கும் ஆரக்கால் அதைத் தூண் போலத் தாங்கும். மரத்துக்குத் தூண் வேலை வரும்.

சைக்கிள் கம்பிக்கு அது வராது. 2 மில்லிமீட்டர் தடிமனும் 28 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட போக்ஸ் கம்பியைத் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், உடனே வளையும். அதே கம்பியை இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ வரை தாங்கும். மெல்லிய கம்பியை இழுவையில் வைத்துச் சக்கரம் செய்யலாம் என்ற யோசனையை 1808இல் எழுதி வைத்தவர் ஜார்ஜ் கேலி. பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது அவருக்கு அது தோன்றியது. சைக்கிளுக்கு அது வந்தது 1869இல், பாரிஸில், யூஜின் மேயர் வழியாக. இன்று விமானத்துக்கென்று வளர்ந்த கார்பன் சைக்கிளுக்கு இறங்கியிருக்கிறது. அன்றும் விமானத்துக்கென்று பிறந்த ஒன்றுதான் சைக்கிளில் முதலில் ஓடியது.

நண்பரின் முன்சக்கரத்தில் 24 கம்பிகள். கடைக்காரர் கம்பி முனையில் இருக்கும் நிப்பிளைத் திருகித் திருகி ஒவ்வொன்றையும் சுமார் 110 கிலோ இழுவிசைக்கு ஏற்றியிருப்பார். 24 கம்பிகளும் சேர்ந்து ரிம்மை மையத்தை நோக்கி இழுக்கின்றன. மொத்தம் 2,640 கிலோ. வட்டத்தின் கணக்குப்படி அதை 2π-ஆல் வகுத்தால் ரிம்மின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் அங்கே இருக்கும் அமுக்கவிசை கிடைக்கும். ஏறத்தாழ 420 கிலோ. சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கும் சக்கரம், யாரும் ஏறாத சக்கரம், இரவும் பகலும் 420 கிலோ நெருக்கடியில்தான் இருக்கிறது. பல வருடங்கள் இருந்தும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

பிறகு ஏன் 110?

ஆள் ஏறி உட்கார்ந்ததும் அச்சு மேல் கம்பிகளில் தொங்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதி, கணக்குப் போட்டும் அளந்தும் காட்டினார். பாரம் ஏறும்போது மேல் கம்பிகளில் இழுவிசை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. தரையைத் தொடும் இடத்துக்கு மேலே இருக்கும் நாலைந்து கம்பிகளில் மட்டும் இழுவிசை இறங்குகிறது. தன் இறுக்கத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து அந்தக் கம்பிகள் பாரத்தை வாங்குகின்றன. ஆகவே விட்டுக்கொடுக்க அவற்றிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

110 கிலோ இழுவிசையில் ஒரு 2 மில்லிமீட்டர் கம்பி அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும். சக்கரத்தின் சேமிப்பு மொத்தமும் அந்த அரை மில்லிமீட்டர்தான். ரிம்மின் அடிப்பகுதி அந்த அளவு உள்ளே போனால் கம்பி தொய்ந்துவிடும். பின்சக்கரத்தில் நிலைமை இன்னும் மோசம். பல் சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் செயின் பக்கக் கம்பிகள் ஏறத்தாழ நேராக நிற்கும், எதிர்ப் பக்கக் கம்பிகள் சாய்ந்து நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் எதிர்ப் பக்கத்தில் இழுவிசை பாதியை ஒட்டித்தான் வைக்க முடியும். அங்கே சேமிப்பு கால் மில்லிமீட்டர். எடை கூடியவர்களின் சைக்கிளில் இந்தக் கம்பிகளே முதலில் தொய்வதற்கும், நிப்பிள் தானாகக் கழல்வதற்கும், கம்பி குடத்தருகே வளையும் முழங்கையில் முறிவதற்கும் இதுதான் காரணம்.

இங்கே ஒரு விநோதம் உண்டு. நடுவில் மெலிந்து முனைகளில் தடித்த கம்பிகள் விற்கின்றன. பார்த்தால் நோஞ்சானாகத் தெரியும். ஆனால் அதே இழுவிசையில் அவை கூடுதலாக நீளும், ஆகையால் சேமிப்பும் கூடும், தொய்வதற்கு நேரமாகும். எடை கூடியவருக்குத் தடித்த கம்பி போட வேண்டும் என்று கடைகளில் சொல்வதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டுங்கள், தடிமனைக் கூட்டாதீர்கள் என்பதே சரியான பதில். நம் ஊர்ப் பழைய 28 இஞ்ச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. பின்சக்கரத்தின் சுமை தெரிந்தவர்கள் வைத்த கணக்கு அது.

475ஆம் குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு, அளவு மீறிய கணத்தில், ஒரே தடவையில் முறிகிறது. கம்பி அப்படி முறிவதில்லை. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 476 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து மீண்டும் இறுகும். அலுவலகத்துக்குப் போக வர 20 கிலோமீட்டர், வருடத்தில் 250 நாள் என்றால் ஏறத்தாழ 24 லட்சம் தடவை. 60 கிலோ ஆளுக்குத் தளர்ச்சி கொஞ்சம், 100 கிலோ ஆளுக்கு அதிகம், எண்ணிக்கை இருவருக்கும் ஒன்று. உலோகம் களைத்துப் போவது இப்படித்தான். என்றைக்கோ ஒருநாள் சமதளமான சாலையில், எந்த அடியும் படாமல், "டிங்" என்று ஒரு கம்பி போகும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணில் ஒரு பங்கு இந்தக் களைப்புக்காக வைத்தது.

கார்பன் ரிம் இந்த விஷயத்தில் எடை கூடியவருக்கு நண்பன் என்றே சொல்வேன். குறுக்குவெட்டு ஆழமாக இருப்பதாலும் பொருள் விறைப்பாக இருப்பதாலும் பாரம் நாலைந்து கம்பிகளோடு நிற்காமல் இன்னும் சிலவற்றுக்குப் பரவும். ஒவ்வொன்றும் கொஞ்சமாகவே தளரும். மலிவான, தட்டையான அலுமினிய ரிம்மில் அதே ஆள் கம்பி முறித்துக்கொண்டே இருப்பார். "இனிமே கார்பன் வேண்டாம்" என்று நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு முதல் காரணம் இது.

ஆனால் அன்று உடைந்தது கம்பி அல்ல. ரிம்.

பொம்மனஹள்ளி தையல் தொழிலாளர்களின் ஊர். காலை எட்டு மணிக்கு ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில், தர்மபுரிப் பக்கத்துத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து கேட்கும். கொஞ்சம் தள்ளினால் பட்டு வாரியத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் சில்க் போர்டு சந்திப்பு. கார்பன் ரிம்மை அந்தப் பெண்களில் யாருக்கும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம், ஏனென்றால் அது துணி. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் நெருங்கிய உறவான ஒரு இழையை 200 முதல் 300 டிகிரியில் வாட்டி, பிறகு காற்றில்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டால் கார்பன் மட்டும் மிஞ்சும். அந்த வழியை 1961 வாக்கில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ காட்டினார். ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. டோரே நிறுவனத்தின் டி700 இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். சைக்கிளுக்குப் பயன்படும் 6061 அலுமினியத்துக்கு அது 310 மட்டும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு கார்பன் அலுமினியத்தைவிடப் பதினைந்து மடங்கு உறுதி என்று விளம்பரம் எழுதலாம். தையல் தெரிந்தவர் ஏமாறமாட்டார். துணியை நூல் ஓட்டத்தில் இழுத்தால் நீளாது, கிராஸாக இழுத்தால் வசதியாக நீளும். இழையின் வலிமை இழையின் திசையில் மட்டும்தான். அதற்குக் குறுக்கே எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது எபாக்ஸிப் பிசின், அது சாதாரண உறுதி கொண்டதுதான். அதனால் ரிம் செய்கிறவர்கள் பிசினில் தோய்ந்த துணித் துண்டுகளை ஒன்று நீளவாக்கில், ஒன்று 45 டிகிரியில், ஒன்று குறுக்கே என்று அச்சுக்குள் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார்கள். ஒரு ரிம்மின் எடை 400, 450 கிராம். அதற்குள் எந்தத் துண்டு எங்கே, எத்தனை அடுக்கு என்பதே தயாரிப்பாளரின் திறமை. வெளியே பளபளக்கும் கடைசி அடுக்கைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல யாராலும் முடியாது.

அடி விழும்போது அலுமினியம் நெளியும். நெளிவதில் அடியின் ஆற்றல் செலவாகும், ரிம் கோணலாகும், கடைக்காரர் கோட்டம் எடுத்துத் தருவார். கார்பனுக்கு நெளியத் தெரியாது. எல்லைக்குள் இருந்தால் வில் போலத் திரும்பும். எல்லை தாண்டினால் பிசின் விரியும், அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியும், இழைகள் அறும். ஆகவே கார்பன் ரிம்முக்கு எடையைவிட முக்கியமான கேள்வி, ஒரே அடியில் எவ்வளவு ஆற்றல் அதன் விளிம்பில் இறங்குகிறது என்பது.

நண்பரின் பள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் உயர விளிம்பு, 34 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். விளிம்பு சக்கரத்தைத் தொடும் கோணத்தைக் கணக்கிட்டால், அந்த வேகத்தில் பாதிக்குச் சற்று மேல், வினாடிக்கு சுமார் 4.3 மீட்டர், ரிம்மின் நெஞ்சில் நேராக இறங்கும். அடுத்து, அந்த வேகத்தோடு எவ்வளவு நிறை வருகிறது? ஓட்டுபவர் சீட்டிலிருந்து எழும்பி, முழங்காலும் முழங்கையும் மடங்கி நின்றால் மோதுவது பெரும்பாலும் சக்கரமும் சட்டத்தின் ஒரு பங்கும் மட்டும். 3 கிலோ என்று வையுங்கள், 28 ஜூல். மூட்டை போல உட்கார்ந்திருந்தால் உடம்பின் ஒரு பங்கும் சேர்ந்து மோதும். 15 கிலோ என்று வைத்தால்கூட 140 ஜூலைத் தொடும். தோராயக் கணக்குதான், ஆனால் விகிதம் பொய் சொல்லாது. பந்தயச் சக்கரங்களுக்கு உலக சைக்கிள் சம்மேளனம் வைத்த மோதல் சோதனையின் அளவு 40 ஜூல். 5 கிலோ படிக்கல்லை 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ரிம்மின் மேல் போடுவதற்குச் சமம் அது.

உட்கார்ந்திருந்த 60 கிலோ ஆள், எழும்பி நின்ற 100 கிலோ ஆளைவிட மோசமான அடியைச் சக்கரத்துக்குக் கொடுக்க முடியும் என்பதை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் ரிம்களில் பின்னாலிருப்பதே அதிகம் உடைவதன் காரணமும் இதில் இருக்கிறது. முன்சக்கரத்தைக் கண் காக்கும், கை தூக்கிவிடும். பின்சக்கரத்தின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பார்.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பழைய 28 இஞ்ச் சைக்கிளின் இரண்டு பக்கமும் நாலு சமையல் வாயு சிலிண்டர் தொங்கவிட்டுப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த சிலிண்டர் ஒன்று 30 கிலோ, நாலுக்கு 120. ஆளும் வண்டியும் சேர்ந்தால் 200 தாண்டும். ரிம் உடைவதில்லை. இரும்பு ரிம், 40 கம்பி, ஒன்றரை இஞ்ச் டயர் எல்லாம் காரணம்தான். ஆனால் அவர் போவது மணிக்கு 12 கிலோமீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 12ஐ 30 ஆக்கினால் ஒவ்வொரு கிலோவும் 6 மடங்குக்கு மேல் கனக்கும். என் நண்பரின் 111 கிலோ அந்த வேகத்தில் சிலிண்டர்க்காரரின் சைக்கிளை எளிதாக மிஞ்சிவிடும்.

ஆக, எடை என்று ஸ்டிக்கர் சொல்வதன் பின்னால் சொல்லப்படாத ஒரு சாலை இருக்கிறது. ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற அமெரிக்கத் தரநிலை சைக்கிள்களைப் பல வகையாகப் பிரிக்கிறது. வகை 1, தளம் போட்ட சாலை, டயர் தரையை விட்டு எழும்பாத ஓட்டம். வகை 2 சரளைப் பாதையையும் 15 சென்டிமீட்டர் வரையான விழுச்சியையும் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேலே மலைப்பாதை, பாறை, தாவல். பல சக்கரத் தயாரிப்பாளர்கள் இந்த வகை எண்ணையும் எடையோடு சேர்த்தே கையேட்டில் போடுகிறார்கள். "110 கிலோ" என்பது பாதி வாக்கியம். "வகை 1 சாலையில் 110 கிலோ" என்பதுதான் முழு வாக்கியம்.

நம் சாலை எந்த வகை? 2010 ஜனவரியில் திறந்த, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டச் சாலையில் கார்கள் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பறக்கின்றன. நாங்கள் அதற்குக் கீழே மிதிக்கிறோம். அங்கே மெட்ரோவின் மஞ்சள் தடத்துக்காக வருடக்கணக்கில் தோண்டி மூடினார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மனஹள்ளி நிலையத்தில் ரயில் நின்றபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் கீழே ஒட்டுப்போட்ட தாரும், ஒரு கை ஆழத்துக்கு இறங்கிக் கிடக்கும் சாக்கடை மூடிகளும், சிமென்ட் பலகைகளுக்கு நடுவே பிளவுகளும் இன்னும் இருக்கின்றன. ஆவணத்தில் இது தளம் போட்ட சாலை, மழை நாளில் சக்கரத்துக்கு வகை 2. வகை 1 என்று எழுதிய சக்கரத்தோடு இங்கே தினமும் போகிறவர், தன் எடை எதுவானாலும், எல்லைக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார். இந்த நகரத்தில் சக்கரம் விற்கும் ஒவ்வொருவரும் வாங்குகிறவரிடம் எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன் எந்த வழியாகப் போவீர்கள் என்று கேட்க வேண்டும். அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இவ்வளவும் நான் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் பேசாமல் ட்யூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். இரண்டு இடத்தில் குமிழி வந்தது, பக்கம் பக்கமாக, ரிம்மின் அகலத்துக்குச் சரியாக.

"அண்ணா, இது உங்க எடையால போனதில்ல. காத்து கம்மி. டயர் முழுசா நசுங்கி ரிம்மு கல்லுல உக்காந்திருக்கு."

அவர் முன்சக்கரத்தில் மானியை வைத்தார். 45 பிஎஸ்ஐ காட்டியது. இரண்டு சக்கரத்துக்கும் நண்பர் ஒரே நாளில், பத்து நாளுக்கு முன், 70 அடித்திருந்தார்.

ரிம்மையும் கல்லையும் பிரித்து வைப்பது டயருக்குள் இருக்கும் காற்று மட்டும்தான். அது ஒரு வில். அமுங்கும் தூரம் முழுவதும் அது ஆற்றலை வாங்கும், தூரம் தீர்ந்த பிறகு மிச்சம் எல்லாம் ரிம்முக்கு. அழுத்தம் 70இலிருந்து 45க்கு இறங்கினால் வில்லின் பலமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டயரின் உயரம் கூடினால் வாங்கும் ஆற்றல் உயரத்தைவிட வேகமாகக் கூடும், அதனால்தான் 25 மில்லிமீட்டர் டயரிலிருந்து 32க்கு மாறுவது பார்வைக்குத் தோன்றுவதைவிடப் பெரிய மாற்றம்.

இங்கே ஸ்டிக்கரில் இல்லாத இன்னொரு எடை எல்லையும் ஒளிந்திருக்கிறது. இப்போது வரும் பல கார்பன் ரிம்களின் உள்விளிம்பில் டயரைக் கவ்வும் கொக்கி இல்லை. அவற்றுக்கு அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது என்பது விதி. தாண்டினால் டயர் ரிம்மை விட்டுத் தெறிக்கலாம். எடை கூடியவர் ஒல்லியான டயர் போட்டால் ரிம்மைக் காக்க 90 வரை அடிக்க வேண்டியிருக்கும். அது இந்த ரிம்மில் கூடாது. அப்படியானால் அவருக்கு அந்த டயரே கூடாது. ரிம் 110 கிலோவை அனுமதித்தாலும் டயர் அனுமதிக்கவில்லை. அகலமான டயர் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

ரிம்மையே பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ளவர்களுக்கு எடை இன்னொரு வழியாகவும் பேசும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் சைக்கிள்காரர்கள் போகும் நந்தி மலையில் ஏற்றம் ஏறத்தாழ 450 மீட்டர். மொத்தம் 100 கிலோ அங்கிருந்து இறங்கும்போது 440 கிலோஜூல் ஆற்றலை எங்கேயாவது தொலைக்க வேண்டும், ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் மீதி ரிம்முக்குள் போகும், பிசின் இளகும், விளிம்பு உப்பும். டிஸ்க் பிரேக் வந்த பிறகு இந்தக் கவலை ரிம்மை விட்டுப் போய்விட்டது. பழைய கார்பன் சக்கரத்தை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் மட்டும் இதை மறக்கக்கூடாது.

இரண்டாம் கை என்றதும் சொல்ல வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத காயம். இந்த நகரத்துக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம். 2001 ஜனவரி 4 அன்று இங்கிருந்து முதலில் பறந்த தேஜஸ் விமானத்தின் உடற்கட்டு எடையில் 45 விழுக்காடு கூட்டுப்பொருள், அதில் பெரும்பங்கு கார்பன். தேசிய வான்வெளி ஆய்வகமும் இங்கேதான். விமானக் கார்பனின் மேல் ஒரு ஸ்பானர் விழுந்தால் மேலே ஒரு புள்ளி மட்டும் தெரியும், உள்ளே அடுக்குகள் கை அகலத்துக்குப் பிரிந்திருக்கலாம். அதனால் மேலே எதுவும் தெரியாத காயத்தோடும் இறக்கை தாங்க வேண்டும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்து வடிவமைக்கிறார்கள், குறித்த காலத்துக்கு ஒரு முறை மீயொலியால் சோதிக்கிறார்கள். சைக்கிள் ரிம்முக்கு மீயொலி யாரும் வைப்பதில்லை. ஆனால் விமானக் கொட்டகைகளில் இன்றும் செய்யும் இன்னொரு சோதனைக்கு ஒரு நாணயம் போதும். சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அதேதான். அடுக்கு ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று சொல்லும், பிரிந்த இடம் அமுங்கிச் சொல்லும்.

கடைக்காரர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். உடைந்த ரிம்மை விரிசலுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். விரிசலுக்கு ஒரு சாண் இருக்கும்போதே ஒலி மாறியது, பொத், பொத். அங்கே வண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த இடத்தில் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டார். விரிசலுக்கு மறுபுறமும் தட்டி இன்னொரு கோடு போட்டார். கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு விரற்கடை, கோடுகளுக்கு நடுவே இருந்தது ஒரு முழம். பிறகு நண்பரிடம் முன்சக்கரத்தையும் கேட்டு வாங்கி, வால்வில் தொடங்கி ஒரு முழுச் சுற்று தட்டினார். ஒரே ஒலி.

"முன்னது நல்லா இருக்கு, ஓட்டலாம்" என்றார்.

நண்பர் பின்சக்கரத்துக்கு 28 கம்பியில், வகை 2க்குச் செய்த ஒரு ரிம் சொல்லி வைத்தார், கார்பன்தான். இரண்டு பக்கமும் 32 மில்லிமீட்டர் டயர். கிளம்பும் முன் கடையின் தரைப் பம்பை வாங்கி முன்சக்கரத்துக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். மானியின் முள் 60இல் நிற்கும்வரை கடைக்காரர் அவர் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.